32 ஜிபிக்குள் ஒரு குடித்தனம்

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் நான்கு வருடம் தேய்த்துவிட்டு எனக்குத் தள்ளிவிட்ட போன் இது. ஒரு மூலையில் கண்ணாடி விரிசல். பின்மூடி கழன்று விழாமல் இருக்க ரப்பர் பேண்டு. இடம் 32 ஜிபிதான். அதில் பாதியைப் போன் தனக்கே வைத்துக்கொள்கிறது. மிச்சத்தில் ஒரு பங்கை எங்கள் ஒரம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், காத்தால அனுப்பும் பூப்போட்ட காலை வணக்கங்கள் தின்றுவிடும். அதனால் புதிதாக ஒரு ஆப்பை உள்ளே விட வேண்டுமென்றால் பழசு ஒன்றை வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு சங்கடம், சிக்னல். காங்கேயத்திலிருந்து முத்தூர் போகிற ரோட்டில் பிரிந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் வந்தால் எங்கள் தோட்டம். சுற்றிலும் ஆடுமாடு மேயும் கொறங்காடு, கிளுவை வேலி. சாளை என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. திண்ணையில் ஒரு கோடு காட்டும், நல்ல நாளில் இரண்டு. முழுசாக வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டில் நான்காவது படி வரை ஏற வேண்டும். மழை நாளில் குடையோடு அந்தப் படியில் நின்று நான் போன் பேசுவதைப் பார்த்துப் பால்காரர் சிரிப்பார்.

நான் காங்கேயத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் கணக்கு எழுதுகிறேன். லோடு எத்தனை வந்தது, உடைத்தது எத்தனை, காய்ந்த பருப்பு எத்தனை மூட்டை, யாருக்கு எவ்வளவு கூலி என்று எல்லாவற்றையும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் நேர் செய்து கொடுத்துவிட வேண்டும். அந்தப் புத்தி ஆப் விஷயத்திலும் வந்துவிட்டது. உள்ளே விடுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்பேன். சிக்னல் இல்லாத இடத்தில் உனக்கு என்ன வேலை தெரியும்? காசு கேட்காத நீ வேறு என்ன கேட்பாய்? பதில் சரியில்லை என்றால் அன்றைக்கே அழித்துவிடுவேன். "ஆளாளுக்கு ஆப்பு ஆப்புங்கறீங்களே அம்மிணி, கடைசியில ஆப்பு யாருக்கு வெக்கறது?" என்று மாமனார் கேட்பதும் நியாயமான கேள்விதான்.

அந்த மாமனாரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். போன் என்னுடையது என்றாலும் லைவ் டிரான்ஸ்கிரைப் அவருடைய ஆப்.

அவருக்கு 81 வயது. ஏழெட்டு வருடமாகக் காது மந்தமாக இருந்து, இப்போது சுத்தமாக அடைத்துவிட்டது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். போட்டால் விசிலடிக்கிறது, கட்டுத்தறிக்குப் போனால் மாடு அசை போடுவதுகூட மில் ஓடுகிற மாதிரி கேட்கிறது என்று கழற்றி, மஞ்சப்பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசினோம். "சோறு உங்கறீங்களா மாமா" என்று நான் கேட்டது பக்கத்துத் தோட்டம் வரைக்கும் போய், அங்கிருந்து ஆள் வந்து "ஏனுங்க, வீட்ல ஏதாச்சும் சண்டைங்களா" என்று விசாரித்த நாளும் உண்டு.

போன தீபாவளிக்கு வந்த மகன் இந்த ஆப்பை ஏற்றி, மொழியைத் தமிழாக்கி, எழுத்தைப் பெரிசாக்கி அப்பாரு கையில் கொடுத்தான். நாம் பேசப் பேச அது திரையில் எழுத்தாக ஓடும். அவ்வளவுதான் அதன் வேலை. மாமனார் ஐந்தாவது வரை படித்தவர். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரை விடாமல் வாசிப்பவர், கண் இன்னும் நன்றாகத் தெரியும். மகன், "அப்பாரு, நல்லா இருக்கறீங்களா?" என்றான். எழுத்து வந்தது. அவர் திரையைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். "இத எழுதறது யாரு?" என்று கேட்டார். அதுவும் எழுத்தாக வந்தது. அன்று பொழுது சாயும் வரை தன் பேச்சைத் தானே படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூகுள் இதை வெளியிட்டது 2019-இல். அங்கே ஆராய்ச்சியாளராக இருக்கும் திமித்ரி கனேவ்ஸ்கி சின்ன வயதிலேயே காது கேட்காமல் போனவர். அவரோடு பேசுவதற்காகக் கூட வேலை செய்த ஒருவர் செய்து பார்த்ததுதான் இதற்கு முதல் வடிவம். அப்புறம் அமெரிக்காவில் காது கேளாதோருக்கென்றே இருக்கும் கேலடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இதைச் சீர் செய்திருக்கிறார்கள். தேவைப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்த சாமான் என்பது புழங்கும்போது தெரிகிறது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வைத்துக்கொள்ளலாம். பேச்சு நின்று மறுபடி யாராவது பேச ஆரம்பித்தால் போன் கையில் அதிரும், அதனால் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நாய் குரைத்தால் அதையும் எழுதிக் காட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் தமிழோடு ஆங்கிலத்தையும் சேர்த்து வைத்துவிடுவேன். டாக்டர் எந்த மொழிக்குத் தாவினாலும் விரலால் மாற்றிக்கொள்ளலாம். முன்பெல்லாம் டாக்டர் என்னிடம் சொல்ல, நான் அவர் காதில் கத்த, வெளியே வரிசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவருடைய மலச்சிக்கல் தெரியும். இப்போது அந்த மானக்கேடு இல்லை.

என் போனில் இதற்கு இணையம் வேண்டும். முதல் கேள்வியிலேயே தோற்ற ஆப்தான், இருந்தாலும் மாமனாருக்காக விதியைத் தளர்த்தினேன். சிக்னல் திண்ணையில்தான் என்பதால் அவரும் திண்ணையை விட்டு நகர்வதில்லை.

அதில்தான் ஒரு வம்பு வந்தது. திண்ணையை ஒட்டி அடுப்படி ஜன்னல். வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு நங்கையா, ஒரு நாள் வந்திருந்தார். இரண்டு பேரும் அரிசிம்பருப்பு சாதத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே, கீழ்க்காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தண்ணியும் இல்லை, ஆளும் இல்லை, நல்ல விலை வந்தால் கொடுத்துவிடலாமே என்று சாவகாசமாகப் பேசினோம். வழக்கமான பேச்சுதான், மாமனார் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே பல தடவை பேசியிருக்கிறோம். திடீரென்று வெளியிலிருந்து சத்தம்: "நா இருக்கற வரைக்கும் கீழ்க்காட்டுப் பேச்ச எவளும் எடுக்கப்படாது!" நங்கையா கையிலிருந்த வெங்காயம் உருண்டு போய்விட்டது. ஜன்னலோரம் போன் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறது. பேசியதை மூன்று நாள் வரைக்கும் சேமித்து வைக்கும் வசதியும் இதில் உண்டு. அன்றைக்கு ராத்திரியே அதை அணைத்துவிட்டேன்.

அடுத்தது தாமினி. மின்னலுக்கான ஆப். புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம், 40 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம். அதற்குள் மின்னல் விழுந்தால் எச்சரிக்கை கொடுக்கும். கடைசிச் சில நிமிடங்களில் எங்கெங்கே விழுந்தது என்று வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டும். புள்ளிகள் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்த்தாலே மேகம் நம்மை நோக்கி வருகிறதா, ஒதுங்கிப் போகிறதா என்பது விளங்கிவிடும்.

எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் வரும் மழைக்குத் தண்ணீர் கம்மி, சத்தம் ஜாஸ்தி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கிணற்றோரத் தென்னை இரண்டு நின்ற இடத்திலேயே குருத்துக் கருகிப் போயின. அரை மணி நேரம் முன்னால்தான் அந்த மரத்தடியிலிருந்து ஆட்டை அவிழ்த்து வந்திருந்தேன். அதிலிருந்து இடி என்றால் எனக்கு வெசனம்.

மாமனாருக்குத் தாமினி மேல் நம்பிக்கை இல்லை. தட்டான் தாழப் பறக்கிறதா, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகிறதா என்றுதான் பார்ப்பார். மழைக்கு அவர் கணக்கு, மின்னலுக்கு என் கணக்கு என்று பிரித்துக்கொண்டோம். போன மே மாதம் தேங்காய் போட ஆட்கள் வந்திருந்தார்கள். நீளமான அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக் கீழே நின்றபடியே அறுப்பார்கள். மணி மூன்றரை இருக்கும். மேற்கே மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது, எங்களுக்கு நல்ல வெயில். தொட்டிப் படியில் வைத்திருந்த போன் கத்தியது. போய்ப் பார்த்தால் உள்வட்டத்துக்குள் புள்ளிகள். "கம்பக் கீழ போட்டுட்டுத் திண்ணைக்கு வாங்க" என்றேன். "ஏனுங்கக்கா, வெயில் இந்தப் போடு போடுது, இடியாமா" என்று சிரித்தார்கள். நான் அடுப்பில் டீயை வைத்தேன். டீக்குத்தான் வந்தார்கள், இடிக்கு இல்லை. இருபது நிமிடத்தில் வானம் இருண்டது. ஒரு மின்னலுக்கும் அதன் சத்தத்துக்கும் நடுவே எண்ணினேன்: ஆறு நொடி. சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி, ஆக இரண்டு கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது. எங்கள் தோட்டத்தில் அன்று ஒன்றும் விழவில்லை. ஆட்கள் பாதி மரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

மேகதூத் இதைவிட அமைதியான ஆள். வானிலைத் துறையும் வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2019-இல் கொண்டுவந்தது. வரும் நாட்களுக்கான மழை, வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், திசை எல்லாம் மாவட்ட வாரியாக இருக்கும். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பயிருக்கான அறிவுரை வரும். வீட்டுக்காரருக்கு இதில் வேண்டியது காற்று வேகம் மட்டும்தான். காற்றடிக்கிற நாளில் மருந்தடித்தால் மருந்து பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். படியில் ஏறித் திறந்து, திரையை அப்படியே படமாக எடுத்துக்கொண்டு இறங்கினால் இரண்டு நாளைக்குப் போதும். உழவன் செயலியும் இருக்கிறது, 2018 ஏப்ரலில் தமிழக அரசு வெளியிட்டது. மானியம், உர இருப்பு, வாடகைக்கு எந்திரம், சந்தை விலை எல்லாம் ஒரே இடத்தில். களத்தில் இருக்கும்போது தேங்காய் விலை ஏறியிருந்தால் எனக்கு வருத்தம், வீட்டில் இருக்கும்போது ஏறியிருந்தால் சந்தோஷம். ஒரே விலையைத்தான் பார்க்கிறேன்.

இதை எழுதுவதும் இந்தப் போனில்தான். செல்லினம் விசைப்பலகை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கியது. 2005-இல் பட்டன் போன் காலத்தில், தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவதற்காக வந்தது. இதில் தமிழ்99 என்ற விசை அமைப்பு இருப்பதால்தான் நான் இதை விடவில்லை. 1989-இல் காங்கேயத்தில் டைப்ரைட்டிங் கற்று, தமிழ் லோயர் பாஸ் செய்தவள் நான். அந்த மெஷினில் ஒரு "கொ" அடிக்க மூன்று தட்டு. தமிழ்99-ஐத் தமிழக அரசு 1999-இல் ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெல்லாம் வலது கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் அம்மா வந்துவிடுவாள், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ங-வுக்குப் பக்கத்தில் க வந்தாலும் அப்படித்தான். பழைய பழக்கத்தை விரல் மறக்க ஒரு மாதம் பிடித்தது. இப்போது காங்கேயம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போதும், இறங்குவதற்குள் ஒரு பக்கம் எழுதிவிடுவேன். இணையமும் வேண்டாம்.

இன்றைய பிள்ளைகள் தட்டவே மாட்டேன் என்கிறார்கள், வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. 2017-இலேயே தமிழுக்கு வந்துவிட்டது அது. நானும் ஒரு கீபோர்டில், பெயர் வேண்டாம், முயன்று பார்த்தேன். நங்கையாவுக்கு, "செவ்வாக்கிழமை நோம்பி சாட்டறாங்க, வந்துருங்க" என்று சொல்லி அனுப்பினேன். கோயில் திருவிழாவை அறிவிப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். போய்ச் சேர்ந்தது "நம்பி சாற்றுகிறாங்க." பத்து நிமிடத்தில் நங்கையா கூப்பிட்டு, "ஆருங்க அந்த நம்பி, எதுக்குச் சாத்தறாங்க?" என்று பதறினார். நம் கொங்குப் பேச்சை அப்படியே பேசாமல், செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசினால் சரியாக வருகிறது. வீட்டில் அப்படிப் பேசினால் மாடு மிரண்டுவிடும்.

ரயிலுக்கு வேர் இஸ் மை டிரெயின். மகள் சென்னையில் இருக்கிறாள், திரும்பி வரும்போது பெரும்பாலும் சேரன் எக்ஸ்பிரஸ். அது திருப்பூருக்கு வருவது நல்ல தூக்கத்தில். அசந்தால் கோயம்புத்தூர்தான். முன்பெல்லாம் ஈரோட்டிலிருந்தே எழுந்து உட்கார்ந்து, இருட்டில் ஸ்டேஷன் போர்டைத் தேடிக்கொண்டு வருவேன். இந்த ஆப்பில் திருப்பூருக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுக்கலாம். இணையமும் வேண்டாம், ஜிபிஎஸ்ஸும் வேண்டாம். ரயில் எந்தெந்த செல்போன் கோபுரத்தைத் தாண்டுகிறது என்பதை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. பெங்களூருப் பையன்கள் செய்தது, 2018 கடைசியில் கூகுள் வாங்கிக்கொண்டது. தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பெட்டியில் எல்லாரும் இதையே வைத்திருப்பதால், இறங்குகிற ஊருக்கு முன்னால் எட்டுப் போன் ஒரே நேரத்தில் கத்தும். கோயம்புத்தூர் போகிறவர்களின் சாபம் நமக்குத்தான்.

வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ். இதைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். அவர் டீக்கடையில் வழி கேட்டுக் கேட்டுத்தான் போவார், கேட்ட இடத்தில் எல்லாம் ஒரு டீ குடிப்பார். போன ஆடியில் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறுவதற்குள் போனில் சிக்னல் செத்துவிட்டது. டீக்கடையும் இல்லை. தமிழ்நாட்டு வரைபடத்தை நான் முன்னாலேயே இறக்கி வைத்திருந்தேன். ஜிபிஎஸ் வானத்துச் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு நம் தொட்டிப் படி தேவையில்லை. நீலப் புள்ளி வளைவு வளைவாக எங்களோடு ஏறி வந்தது. இதில் விளம்பரம் கிடையாது, நாம் எங்கே போனோம் என்று யாருக்கும் சொல்வதும் கிடையாது.

இதற்குள் இருக்கும் வரைபடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்பது. 2004-இல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம். எங்கள் குலதெய்வக் கோயில் அதில் இல்லை. இன்ஜினியரிங் படிக்கும் தம்பி மகன் ஒரு நாள் கணக்குத் தொடங்கி, கோயிலைச் சேர்த்தான், பக்கத்துக் கிணற்றைச் சேர்த்தான், எங்கள் தோட்டத்து மண் தடத்தை வரைந்தான், கை ஊறிப்போய்த் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்துவிட்டான். சில வாரம் கழித்து வரைபடத்தைப் புதுப்பித்தபோது தொட்டி இருந்தது. சிக்னல் நான்காவது படியில் என்பதை மட்டும் எழுத இடமில்லையாம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்கும் படத்துக்கும் விஎல்சி. மாமனாரிடம் இருந்த உடுக்கடிக் கதைப்பாட்டுக் கேசட்டுகளை ஒரு கடையில் கொடுத்து மெமரி கார்டில் ஏற்றினோம். காது போவதற்கு முன்னால் அவர் கேட்டது, இப்போது நான் கேட்கிறேன். அந்தக் கோப்புகளை வேறு எதுவும் திறக்கவில்லை, விஎல்சி திறந்தது. 1996-இல் பாரிஸில் கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்த வேலை. அவர்கள் விடுதியில் சாலைத் தடுப்புக் கூம்புகளைத் தூக்கிவந்து சேர்த்து வைப்பார்களாம், அதனால்தான் அடையாளப் படம் அந்த ஆரஞ்சுக் கூம்பு. இத்தனை வருடத்தில் ஒரு விளம்பரம் காட்டியதில்லை.

பட்டா, சிட்டாவைப் படமெடுத்து பிடிஎஃப் ஆக்க எல்லாரும் கேம்ஸ்கேனர் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. 2020 ஜூன் 29-இல் மத்திய அரசு தடை செய்த 59 சீன ஆப்களில் அதுவும் ஒன்று. எங்கள் களத்தில் அன்றைக்கு ஒரு துக்க வீடு மாதிரி இருந்தது. கூகுள் டிரைவிலேயே அந்த வசதி இருக்கிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. கூட்டல் குறியைத் தொட்டால் ஸ்கேன் என்று வரும். தனியாக எதுவும் ஏற்ற வேண்டாம்.

பணத்துக்கு ஒன்றே ஒன்று, பிம். 2016 டிசம்பர் 30-இல் வந்ததிலிருந்து. மூன்று நான்கு வைத்திருந்தால் கூப்பனும் கீறல் அட்டையும் கிடைக்கும் என்று மகன் சொல்கிறான். நான் கணக்கு எழுதுகிறவள், ஒரு நோட்டு போதும். திண்ணையில் இணையம் தூங்கும் நாளில், வங்கியில் பதிந்த நம்பரிலிருந்து *99# அடித்தும் யூபிஐ அனுப்பலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். இதைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதே தம்பி மகன், உலக வரைபடத்தில் கிணறு வெட்டியவன், பழைய மொபெட்டை விற்க விளம்பரம் போட்டிருந்தான். வாங்குகிறேன் என்று கூப்பிட்ட ஆள், "முன்பணம் அனுப்பறேன், உங்க பின் நம்பரைப் போட்டு வாங்கிக்கங்க" என்றிருக்கிறான். இவன் போட்டான். 3,500 ரூபாய் போய்விட்டது. பணம் வாங்க பின் போடவே வேண்டியதில்லை, அனுப்பத்தான் பின். இப்படி ஏதாவது ஆனால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிட வேண்டும். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு எங்களிடமே மூன்று நாள் கழித்துத்தான் சொன்னான்.

விரட்டப்பட்டவர்கள் கதை தனி. ஒரு பஞ்சாங்க ஆப் வைத்திருந்தேன். ராகு காலம் பார்க்கத் திறந்தால் முதலில் ஒரு வேட்டி விளம்பரம், அதை மூடினால் ஒரு கடன் விளம்பரம், மூடுகிற பெருக்கல் குறி கடுகு சைஸில். அதைத் தொடப்போய் எங்கேயோ போய், திரும்பி வருவதற்குள் ராகு காலமே முடிந்துவிடும். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை என்று எங்கள் அம்மா சொல்லிக் கொடுத்தது மனசில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் சுவரில் எண்ணெய்க் கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் இருக்கிறது, தாளைக் கிழித்தால் விளம்பரம் வருவதில்லை.

டார்ச் ஆப் ஒன்று என் போன்புத்தகத்தைப் பார்க்க அனுமதி கேட்டது. வெளிச்சம் போட என் சொந்தக்காரர் நம்பர் எதற்கு? போனிலேயே டார்ச் இருக்கிறது, மேலிருந்து விரலால் இழுத்தால் வரும். இந்த மாதிரி ஆட்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்களா என்று பார்க்க, செட்டிங்ஸில் ஆப்ஸ் என்பதற்குள் போய் ஒவ்வொன்றுக்கும் என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பார்த்துவிடுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். மகன் காலத்து விளையாட்டு ஒன்று இன்னமும் மைக்கைக் கையில் வைத்திருந்தது.

எல்லாவற்றிலும் கெட்டிக்காரன், போனைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வந்த ஒரு ஆப். தினமும் "உங்கள் போனில் குப்பை சேர்ந்துவிட்டது" என்று பயமுறுத்தும். ஒரு நாள் எந்த ஆப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரிசிலிருந்து சின்னதாக வரிசைப்படுத்திப் பார்த்தேன். மேலே இரண்டாவதாக உட்கார்ந்திருந்தது அதுதான். வீட்டைப் பெருக்க வந்தவர் நடுவீட்டில் கட்டிலைப் போட்டுப் படுத்த கதை.

அதை அழித்த கையோடு பார்த்தால் இப்போது 1.8 ஜிபி மிச்சம் இருக்கிறது. அதில் எதை ஏற்றலாம் என்று யோசிப்பதற்குள், இதை எழுதவிடாமல் மாமனார் இரண்டு தரம் போனைக் கேட்டுவிட்டார். பொழுதோட நங்கையா வருகிறார்களாம். அடுப்படி ஜன்னலுக்குக் கீழே கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டுத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.